மலையடிவார மனையும் மக்கள் வாக்கும்

(ஆய்வு வட்டப் பாடம்)



2024ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் வாரத்தில், செங்கற்பட்டிற்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே உள்ள ஒரு நெசவாளர் சங்கத்தில் சரக்கிருப்பைச் சரிபார்க்கச் சென்றிருந்தேன். நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் காரைக்காலுக்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே, புதுச்சேரிக்கு அருகில் கரை கடந்திருந்தது. அங்கத்தினர் பலருடைய வீடுகளில் தறிக்குழி நிறையத் தண்ணீர் நின்றது. பாவு நனைந்து, கஞ்சி கரைந்து, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நட்டத்தை நான் குறித்துக்கொண்டிருக்கும்பொழுது, முதிய நெசவாளர் ஒருவர் கூறினார்:

"ஐயா, எங்கள் குழியில் வந்தது தண்ணீர், இறைத்துவிடலாம். திருவண்ணாமலையில் மலையே இறங்கி வந்துவிட்டதாமே, அதை எதைக்கொண்டு இறைப்பது?"

அவர் கூறியது உண்மையே. அதே புயலின் மழையால் டிசம்பர் 1ஆம் நாள் மாலையில் திருவண்ணாமலை அடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டனர்.

அப்பெரியவரின் மகனோ, அவ்வூர்க் குன்றின் அடியில் ஒரு மனை வாங்குவதற்குக் கூட்டுறவுக் கடன் கேட்டு விண்ணப்பம் எழுதி வைத்திருந்தார். ஊருக்குள் வாடகை வீட்டில் தறி போட இடமில்லை. குன்றடியில் மனை மலிவு. பட்டா சரியாக இருந்தது. வில்லங்கச் சான்றும் சரியாக இருந்தது. "நீங்கள் பார்த்துச் சொன்னால் போதும், ஐயா" என்று தாள்களை என் கையில் கொடுத்தார்.

நான் உடனே விடை கூறவில்லை. அதற்கொரு காரணம் உண்டு. பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், வேறொரு வட்டத்தில், இத்தகைய விண்ணப்பம் ஒன்றை நான் தாளைப் பார்த்தே பரிந்துரைத்தேன். இடத்தைச் சென்று பார்க்கவில்லை. மறு பருவமழையில், மேலே வெட்டப்பட்டிருந்த சரிவிலிருந்து வழிந்த சேறு அவ்வீட்டின் தறிக்குழியை மூடியது. உயிர்ச்சேதம் இல்லை. எனினும் கடன் மட்டும் எஞ்சியது, தறி எஞ்சவில்லை. தாள் சரியாக இருந்தது. தரை சரியாக இல்லை. அத்தவற்றை ஈடு செய்யும் முயற்சியாகவே இப்பாடத்தை எழுதுகிறேன்.

1. மலை ஏன் சரிகிறது?

களத்தில் நெல்லைக் குவிக்கிறோம். குவியல் ஒரு குறிப்பிட்ட சாய்வில் தானே நிற்கும். அதன் அடியில் ஒரு முறம் நெல்லை வாரினால், வாரிய இடத்தில் மட்டும் பள்ளம் விழுவதில்லை. மேலிருந்து நெல் சரிந்து வருகிறது. மலைச்சரிவின் மண்ணும் இவ்வாறே. அடிமண்தான் மேல்மண்ணைத் தாங்குகிறது. மனை சமன்படுத்தவோ சாலை அமைக்கவோ அடியை வெட்டும்பொழுது, தாங்கும் தோளையே வெட்டுகிறோம்.

இரண்டாவது காரணம் நீர். பெருமழையில் மண்ணின் துளைகளில் நீர் நிறைகிறது. மண்ணின் பாரம் கூடுகிறது. துகளுக்கும் துகளுக்கும் இடையே உள்ள பிடிப்புக் குறைகிறது. மழைநீர் இறங்கும் ஓடையை மூடி மனை போட்டால், ஓடவேண்டிய நீர் மண்ணுக்குள் இறங்குகிறது. மூன்றாவது காரணம் மரம் போதல். வேர்கள் மேல்மண்ணைத் தைத்து வைத்திருக்கும் இழைகள். மரத்தை வெட்டினால் அத்தையல் சில ஆண்டுகளில் மக்கி அறுந்துபோகிறது.

மாமல்லபுரத்தில் 'கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை' என்னும் பாறையை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஏறத்தாழ 6 மீட்டர் உயரமுள்ள அப்பாறை சரிவில் பல நூற்றாண்டுகளாக நிற்கிறது. இதைக் காட்டி, "பாறை எங்கே விழப்போகிறது?" என்று கேட்போர் உண்டு. அது நிற்பது வெறும் கடும்பாறையின்மேல். நம் குன்றுகளில் பல உருண்டைக் கற்களோ மக்கிய மண்ணின்மேல் அமர்ந்திருப்பவை. மண் கரைந்தால் கல் நிற்காது. வெடி வைக்கும்பொழுது ஏற்படும் அதிர்வு, பாறையிடுக்குகளை மேலும் விரிக்கிறது.

மலை சரிவதற்கு முன் பலமுறை குறி காட்டும். நேராக நின்ற மரமும் மின்கம்பமும் சாய்தல், மேட்டில் வளைவான வெடிப்புத் தோன்றுதல், சுவரில் புதிய பிளவு விழுதல், தெளிந்து வந்த ஊற்று திடீரெனக் கலங்கி வருதல் அல்லது நின்றுபோதல் ஆகியவை அக்குறிகள். இவற்றைக் கண்டால் மழை ஓயும்வரை அங்கே தங்கலாகாது.

2. ஒரு கூட்டுறவுச் சங்கம் மலையைக் காத்த வரலாறு

மலையைக் காப்பது அறிஞர் வேலை, அரசின் வேலை என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். நம் நாட்டில் மலைக்காக எழுந்த புகழ்பெற்ற இயக்கம் ஒரு தொழிற் கூட்டுறவிலிருந்தே பிறந்தது என்பதை நினைவுறுத்த விரும்புகிறேன்.

இமயமலைப் பகுதியில், இன்று உத்தரகண்டத்தைச் சேர்ந்த சமோலி மாவட்டத்துக் கோபேசுவரத்தில், 1964ஆம் ஆண்டில் தசோலி கிராம சுயராஜ்ய சங்கம் தொடங்கப்பட்டது. சண்டிபிரசாத் பட் என்பவர் அதன் முன்னோடி. மலைவாழ் இளைஞர்க்கு உள்ளூரிலேயே வேலை தருவதும், காட்டு மரத்தைக்கொண்டு ஏர் முதலிய கருவிகள் செய்வதும் அதன் நோக்கங்கள். 1970ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அலக்நந்தா ஆற்றில் பெருவெள்ளம் வந்து ஊர்களையும் பாலங்களையும் அடித்துச் சென்றது. துயர்துடைக்கச் சென்ற சங்கத்தார், வெள்ளம் எங்கிருந்து வந்தது என்பதையும் ஆராய்ந்தனர். மேலே மரம் வெட்டப்பட்ட சரிவுகளே கீழே சேறாக வந்தன என்று கண்டனர்.

1973ஆம் ஆண்டில் ஏர் செய்வதற்காகச் சங்கம் கேட்ட மரம் மறுக்கப்பட்டது. அதே காட்டில் விளையாட்டுக் கருவி செய்யும் வெளியூர் நிறுவனத்திற்கு மரம் ஒதுக்கப்பட்டது. மரத்தைக் கட்டித் தழுவி நின்று தடுப்போம் என்று ஊரார் உறுதி பூண்டனர். 'சிப்கோ' என்றால் தழுவிக்கொள் என்பது பொருள். 1974ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆம் நாள், ரேணி என்னும் சிற்றூரில் ஆடவர் எல்லோரும் வெளியே சென்றிருந்த வேளையில் மரம் வெட்டுவோர் வந்தனர். கௌரா தேவி என்ற பெண்மணியின் தலைமையில் இருபத்தேழு பெண்கள் காட்டிற்குச் சென்று தடுத்து நின்றனர். வந்தவர்கள் திரும்பினர். அரசு ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. அதன் பரிந்துரையின்மேல் அப்பகுதியில் பத்தாண்டுகளுக்கு மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது.

இங்கே மூன்று செய்திகள் கவனிக்கத்தக்கவை. சங்கம் முதலில் துயர் துடைத்தது. பின்னர்க் காரணத்தை ஆராய்ந்தது. அதன்பின்பே எதிர்த்து நின்றது. ஆராய்ச்சிக்குப்பின் எழுந்த எதிர்ப்பாதலின் அரசும் செவி சாய்த்தது.

எனினும் ஒருமுறை வென்றால் என்றைக்கும் வென்றதாகாது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள், அதே ரேணிக்கு மேலே மலைமுகட்டிலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்தன. பள்ளத்தாக்கில் பெருகிய வெள்ளம் மின் திட்டப் பணியிடங்களை அழித்தது. இருநூறு பேருக்கு மேல் மாண்டும் காணாமலும் போயினர். அருகிலுள்ள சோஷிமடம் நகரம் பழைய சரிவு மண்ணின்மேல் அமைந்தது; அங்கே பெருங்கட்டடங்கள் கூடா என்று 1976ஆம் ஆண்டிலேயே மிசுரா குழு எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கிடப்பில் கிடந்தது, கட்டடங்கள் எழுந்தன. 2023ஆம் ஆண்டு சனவரியில் அந்நகரத்து வீடுகள் வெடித்துத் தாழ்ந்தன.

3. உயிரோடிருந்தவருக்குச் சவ ஊர்வலம்

சமோலியில் மக்கள் ஒன்றுபட்டு நின்றனர். மக்கள் மறுபக்கம் நின்றால் என்ன நேரும் என்பதை அறிய, நம் அண்டை மாநிலத்து இடுக்கிக்குச் செல்வோம்.

மேற்குத் தொடர்ச்சி மலையை எவ்வாறு காப்பது என்று ஆராய, 2010ஆம் ஆண்டில் மத்திய அரசு அறிஞர் மாதவ் காட்கில் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அக்குழு 2011ஆம் ஆண்டு ஆகஸ்டில் தன் அறிக்கையை அளித்தது. மலைத்தொடரை மூன்று வகைப் பகுதிகளாகப் பிரித்து, மிக நொய்ந்த இடங்களில் புதிய கல்குவாரியும் பெருங்கட்டடமும் கூடா என்றது. மிகச் சரிவான நிலத்தில் ஆண்டுதோறும் உழும் பயிருக்கு மாறாக நீடித்த பயிர்களை ஊக்குவிக்கக் கூறியது. எல்லைகளை இறுதி செய்யும்பொழுது கிராம சபைகளைக் கலந்து முடிவு செய்யவேண்டும் என்றும் வற்புறுத்தியது.

அப்போது இடுக்கித் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் காங்கிரசுக் கட்சியைச் சேர்ந்த பி. டி. தாமஸ். அவர் 1950ஆம் ஆண்டில் இடுக்கியின் உப்புத்தோட்டில் ஒரு குடியானவர் குடும்பத்தில் பிறந்தவர். தொடுபுழாவிலிருந்து சட்டமன்றத்திற்கும், 2009ஆம் ஆண்டில் இடுக்கியிலிருந்து நாடாளுமன்றத்திற்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். மலைநாட்டு வாக்குகளால் உயர்ந்த அவர், அறிக்கையில் உள்ளது நியாயம் என்று வெளிப்படையாகக் கூறினார்.

இடுக்கியில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. குடியேறிய விவசாயிகளைத் துரத்திவிடுவார்கள், பட்டயம் கிடைக்காது, வீடு கட்டவும் சாலை போடவும் முடியாது என்ற அச்சம் மலையெங்கும் பரவியது. சமயத் தலைவர்களும் எதிர்ப்பின் முன்னணியில் நின்றனர். தாமஸ் உயிரோடிருக்கும்பொழுதே அவருக்குச் சவ ஊர்வலம் நடத்தினர். 2014ஆம் ஆண்டுத் தேர்தலில் அவருடைய கட்சியே அவரை அங்கே நிறுத்தவில்லை. வேறொருவரை நிறுத்தியும் கட்சி தோற்றது. எதிர்ப்பு இயக்கத்தோடு தொடர்புடைய சுயேச்சை வேட்பாளர் வென்றார்.

தாமஸ் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 2016ஆம் ஆண்டிலும் 2021ஆம் ஆண்டிலும் எர்ணாகுளத்தை அடுத்த திருக்காக்கரைத் தொகுதி அவரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பியது. மலைக்காகப் பேசியவரை மலை கைவிட்டது, நகரம் ஏற்றுக்கொண்டது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், நம் வேலூரில் மருத்துவம் பெற்றுவந்த நிலையில் அவர் காலமானார்.

இதற்கிடையே மலை தன் விடையைக் கூறத் தொடங்கியிருந்தது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டுப் பெருவெள்ளத்தில் கேரளத்தில் நானூறு பேருக்கு மேல் மாண்டனர். இடுக்கியில் எண்ணற்ற இடங்களில் மண் சரிந்தது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் வரிசை வீடுகளின்மேல் மலை இறங்கியது. எழுபது பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் நம் தென்மாவட்டங்களிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வேலை தேடிச் சென்ற தமிழ்க் குடும்பத்தினர். 2024ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் சேற்றில் மூழ்கின. இருநூற்றைம்பது பேருக்கு மேல் உயிரிழந்தனர். அவ்வூர்கள் அடங்கிய வைத்திரி வட்டத்தைக் காட்கில் குழு முதல் வகைப் பகுதியாகக் குறித்திருந்தது. மறுநாளே, சூலை 31இல், மத்திய அரசு மேற்குத் தொடர்ச்சி மலையின் 56,825 சதுர கிலோமீட்டரைக் காப்புப் பகுதியாக அறிவிக்கும் வரைவை வெளியிட்டது. அத்தகைய வரைவுகளில் அது ஆறாவது!

அறிக்கையை ஏற்றிருந்தால் ஓர் உயிரும் போயிராது என்று கூறுவது நேர்மையன்று. அளவுகடந்த மழை பெய்தால் மனிதக் கை படாத சரிவும் சரிவதுண்டு. ஆனால் எந்தச் சரிவின் கீழ் மனிதர் படுத்து உறங்கலாம், எதன்கீழ் உறங்கலாகாது என்று முடிவு செய்வது மழையன்று, மனிதரே.

4. இடுக்கி மக்கள் ஏன் அஞ்சினர்?

அம்மக்களை அறியாதவர் என்று இகழ்வது எளிது; ஆனால் அது நியாயமாகாது. அவர்கள் உழைத்து வாழ்ந்த சிறு விவசாயிகள். பலருக்குப் பல்லாண்டுகளாகப் பட்டயம் கிடைக்கவில்லை. அரசாணை ஒன்று வந்தால் தம் நிலம் போகும் என்று அஞ்சுவதற்கு அவர்கள் வாழ்க்கையே காரணம் காட்டியது. மிளகும் ஏலமும் விளைத்த கைகளிடம், பல நூறு பக்கமுள்ள ஆங்கில அறிக்கையை நீட்டினால் அவர்கள் என்ன செய்வர்? படித்துக் காட்டுவோர் இல்லாத இடத்தில் பயங்காட்டுவோர் வந்து சேர்ந்தனர். சிறு விவசாயியின் அச்சத்திற்குப் பின்னால் குவாரிக்காரரும் மனை வாணிகரும் நின்று தம் காரியத்தைச் சாதித்துக்கொண்டனர் என்று காட்கிலின் கருத்தை ஏற்றவர்கள் குறை கூறினர்.

உற்றுநோக்கின், குறை மூன்று இடங்களில் இருந்தது. மக்களின் மொழியில் செய்தி உரிய காலத்தில் சென்று சேரவில்லை. கட்டுப்பாட்டைக் கூறியவர்கள், அதனால் வருமானம் இழப்போர்க்கு ஈடு என்ன என்பதை மக்கள் நம்பும் வகையில் கூறவில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, விவசாயிகளும் தொழிலாளரும் தாமே கூடி, தாமே படித்து, தாமே விவாதிக்கும் மேடை அமையவில்லை. சமோலியில் அத்தகைய மேடையாக ஒரு கூட்டுறவு இருந்தது. இடுக்கியில் தாமஸ் தனியே நின்றார்.

ஆதலின் இப்பாடத்தின் சாரத்தை ஒரே வாக்கியத்தில் கூறுவேன்: நல்லவர் ஒருவர் தேர்தலில் நிற்பது மலையைக் காக்காது, அவர் கூறுவதைப் படித்துணர்ந்து அவர்பின் நிற்கும் மக்களே மலையைக் காப்பர்.

5. நம் பக்கத்துப் பழைய பாடம்

தேர்ந்தெடுத்தோர் பொதுச்சொத்தைக் காக்கும் முறை நமக்குப் புதிதன்று. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் உள்ளன. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியே ஆண்டுதோறும் வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்த விவரம் அவற்றில் காணப்படுகிறது. ஏரியைக் காக்கவென்றே ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் ஒன்று இருந்தது. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர். அச்சபை ஒரு சாராருக்கே உரியதாக இருந்தது. உழுவோரும் நெய்வோரும் பெண்களும் அதில் இடம்பெறவில்லை. அக்குறையை நம் அரசியற்சட்டம் போக்கியது. எனினும் ஏரியைக் கேட்டவரிடம் கணக்கையும் கேள் என்ற அவ்விதி இன்றும் பொருந்தும்.

நம் வட்டாரத்தில் மலையும் ஏரியும் வெவ்வேறல்ல. குன்றில் விழும் மழை ஓடையாகி, வரத்துக்காலில் சேர்ந்து, ஏரியை நிரப்பி, மதகு வழியே வயலுக்குச் செல்கிறது. குன்றின் அடியை வெட்டினால் மண் வரத்துக்காலைத் தூர்க்கிறது. மழையில் மேல்வீட்டில் சேறு. கோடையில் கீழ்வயலில் வறட்சி. நெசவாளருக்கு மனையும், விவசாயிக்கு நீரும் ஒரே குன்றில் அடங்கியுள்ளன.

மாமல்லபுரத்துப் பழஞ்சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடமும் குவாரியும் கூடா, அதற்கப்பால் 200 மீட்டர்வரை அனுமதி பெறவேண்டும் என்று மத்தியச் சட்டம் கூறுகிறது. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைகளில் கட்டடங்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. நம் ஊர்க் குன்றுகளிற் பலவற்றிற்கு அத்தகைய தனிக்காவல் இல்லை. செதுக்கிய பாறைக்குச் சட்டம் காவல் நிற்கிறது. செதுக்காத குன்றுக்கு ஊரே காவல்.

6. சங்கம் செய்யக்கூடியதும் கூடாததும்

அரசு ஊழியனாகிய நான் எக்கட்சிக்கும் வாக்குக் கேட்கும் உரிமை உடையவன் அல்லேன். சங்கமும் ஒரு கட்சிக்கோ வேட்பாளருக்கோ தன் பணத்தையோ பெயரையோ கட்டடத்தையோ கொடுக்கலாகாது. அரசியல், சமய நடுநிலைமை 1937ஆம் ஆண்டில் உலகக் கூட்டுறவு இயக்கம் வகுத்த கோட்பாடுகளில் ஒன்று. பல கட்சியாரும் ஒரே பாயில் அமர்வதற்கு வழி செய்தது அந்நடுநிலைமையே.

ஆனால் நடுநிலைமை என்பது வாய்மூடி இருத்தல் அன்று. அங்கத்தினர்க்குக் கல்வி அளிப்பது கூட்டுறவின் கடமை. சுற்றுச் சமுதாயத்தின்மேல் அக்கறை கொள்வது 1995ஆம் ஆண்டில் கோட்பாடுகளில் சேர்க்கப்பட்டது. ஆகவே சங்கம் பிரச்சினையை ஆராயலாம். அங்கத்தினர் குடிமக்கள் என்ற முறையில் தம் விருப்பப்படி வேட்பாளரை ஆதரித்து உழைக்கலாம். சங்கத்தின் பாயும் அங்கத்தினரின் வாக்கும் வேறு வேறு என்பதை மறவாமல் இருந்தால் போதும்.

செய்யத்தக்க வழிகள் வருமாறு:

(அ) திங்களுக்கு ஒருமுறை ஆய்வு வட்டம் கூட்டி, ஊரின் வரைபடத்தில் குன்று, ஓடை, வரத்துக்கால், ஏரி, புதிய மனைப்பிரிவு ஆகியவற்றைக் குறித்துப் பார்த்தல். எழுத்தறிந்தவர் மற்றவர்க்குப் படித்துக்காட்டல்.

(ஆ) மனைக்குக் கடன் பரிந்துரைக்கும் முன், நிர்வாகக் குழுவினர் இருவரேனும் மழைநாளில் இடத்தைச் சென்று காணுதல். பட்டாவும் வில்லங்கச் சான்றும் உரிமையைக் கூறும். சரிவின் பாதுகாப்பைக் கூறமாட்டா.

(இ) குவாரி அனுமதி, மனைப்பிரிவு அனுமதி ஆகியவற்றின் நகல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டுப் பெறுதல்.

(ஈ) சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடவேண்டிய கிராம சபைகளில் கலந்துகொண்டு, தீர்மானத்தை எழுத்தில் பதியச் செய்தல்.

(உ) வாக்குக் கேட்டு வருவோர் எக்கட்சியினராயினும், நான்கு கேள்விகள் கேட்டல்: எந்த ஓடையை மீட்பீர்? குன்றடியில் ஏற்கெனவே வாழும் ஏழைகளுக்கு மாற்றிடம் எங்கே தருவீர்? குவாரிக் கூலியை நம்பி வாழ்வோர்க்கு வேறு வேலை என்ன? ஆண்டுக்கு ஒருமுறை எங்கள்முன் வந்து கணக்குக் கூறுவீரா?

இரண்டாம், மூன்றாம் கேள்விகளை விடுத்து முதற்கேள்வியை மட்டும் கேட்பவர் இடுக்கியில் நேர்ந்த தவற்றையே மீண்டும் செய்வார். குன்றைக் காக்கக் குடிசையை மட்டும் இடித்துவிட்டு, மேலே எழுந்த மாளிகையை விட்டுவைக்கும் காவல் காவலாகாது.

7. அந்த மனை என்னாயிற்று?

அன்று மாலையே, அப்பெரியவரும் மகனும் நானும் மனையைச் சென்று பார்த்தோம். மனையின் பின்புறம் குன்றின் அடி ஆள் உயரத்திற்குச் செங்குத்தாக வெட்டப்பட்டிருந்தது. வெட்டின்மேல் ஒரு வேப்பமரம் பாதி வேர் வெளியே தெரிய நின்றது. வரைபடத்தில் ஓடை என்று கண்ட இடத்தில் செம்மண் கொட்டிச் சமன் செய்யப்பட்டிருந்தது; புயல்மழை நீர் தன் பழைய வழியைத் தேடி மனையின் நடுவே ஒரு கால்வாயை அறுத்திருந்தது. மகன் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் பெரியவர் ஒரு செய்தி கூறினார். 2021ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்த ஊராட்சித் தேர்தலில், குன்றை வெட்டுவதை நிறுத்தவேண்டும் என்று கூறி அவ்வூரில் ஒருவர் நின்றாராம். "அவர் வந்தால் ஒருவருக்கும் பட்டா கிடைக்காது" என்று சிலர் வீடு வீடாகச் சொன்னார்களாம். "நானும் அதை நம்பினேன், ஐயா. அவருக்கு நான் வாக்களிக்கவில்லை" என்றார் பெரியவர். அவர் குரலில் வருத்தம் இருந்தது. இடுக்கி வெகு தொலைவில் இல்லை என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தேன்.

அடுத்த தணிக்கைக்குச் சென்றபோது நடந்ததைக் கேட்டறிந்தேன். 2025ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் கிராம சபையில், தோற்றுப்போன அம்மனிதர் வழக்கம்போல் எழுந்து குன்றைப் பற்றிப் பேசினாராம். முன்பெல்லாம் அவர் பேசி முடித்ததும் கூட்டம் அடுத்த பொருளுக்குச் சென்றுவிடுமாம். இம்முறை பெரியவர் எழுந்து ஓடையைப் பற்றிக் கேட்டார். அவருக்குப்பின் ஏரிப்பாசன விவசாயிகள் சிலர் எழுந்தனர். பாவு நனைந்த பெண்கள் எழுந்தனர். ஓடையை அளந்து மீட்கவேண்டும் என்ற தீர்மானம் பதிவேட்டில் ஏறியது. அளக்கும் வேலை இன்னும் முடியவில்லை. குவாரிக்குச் செல்லும் கூலியாட்கள் சிலர் முகம் கோணியும் இருக்கின்றனர். அவர்களையும் ஆய்வு வட்டத்திற்கு அழைக்குமாறு காரியதரிசியிடம் கூறியுள்ளேன்.

மகனுக்கு இன்னும் மனை அமையவில்லை. வாடகை வீட்டில் தறி ஒருபுறமும் குடும்பம் ஒருபுறமுமாக வாழ்கிறார். குன்றடியில் மனை வேண்டா என்று கூறிய நமக்கு, பாதுகாப்பான இடத்தில் நெசவாளர்க்கு வீட்டுமனை தேடும் கடமையும் உண்டு. அதை அடுத்த பேரவையின் பொருள் நிரலில் சேர்க்கவேண்டும்.

ஆய்வு வட்டத்திற்கான வினாக்கள்

1. உங்கள் ஊர்க் குன்றில் விழும் மழைநீர் எவ்வழியே எந்த ஏரியை அடைகிறது? அவ்வழி இன்று திறந்திருக்கிறதா?

2. தசோலிச் சங்கம் எதிர்ப்பிற்கு முன் செய்த இரண்டு பணிகள் யாவை? உங்கள் சங்கம் அவற்றில் எதைச் செய்ய இயலும்?

3. பி. டி. தாமஸின் கருத்தை இடுக்கி விவசாயிகள் எதிர்த்ததற்குக் காரணங்கள் யாவை? அவற்றுள் நியாயமானவை எவை, பிறரால் ஊட்டப்பட்டவை எவை?

4. உங்கள் ஊரில் குன்றுக்காகவோ ஏரிக்காகவோ தனித்துப் பேசியவர் எவரேனும் உண்டா? அவர் பேசியபொழுது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?